வேறு வேறு என்று சொன்னால் அப்படியே நம்பலாம்: சி. டிஃப் ரைபோடைப்பிங் சேவை, லேபிலிருந்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதிகளில் நான் மிகவும் மதிப்பது, சி. டிஃப் என்ற குடல் கிருமியை வகை பிரித்துச் சொல்லும் ரைபோடைப்பிங் வலையமைப்பைத்தான். 2007இல் தொடங்கியது. தலைமை ஆய்வகம் லீட்ஸ் நகரில் இருக்கிறது. மருத்துவமனைகள் அனுப்பும் மல மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்து, அது எந்த வகை என்று ஒரு எண்ணோடு பதில் சொல்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இவ்வளவுதான். அந்த ஒரு எண்ணை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

நான் இங்கே வடக்குப் பக்கம் ஒரு மாவட்ட மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் இருக்கிறேன். ஊரில் லேப் டெக்னாலஜி படித்துவிட்டு மைக்ரோபயாலஜி பக்கம் வந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர், "அக்கா, ஸ்ட்ரெயின் டைப்பிங்குக்கு அனுப்பினால் அப்படி என்ன கிடைத்துவிடும், காத்திருப்பதற்குத் தகுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு "வந்த இடத்தில் இந்த வயிற்றுப்போக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது" என்று தவிக்கிற குடும்பங்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பற்றி நாலு வரி. முழுப் பெயர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். 2016 வரை கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்றுதான் இருந்தது, வார்டில் எல்லோருக்கும் அன்றும் இன்றும் சி. டிஃப். காற்று பட்டால் வளராது. ஆனால் சாதகமில்லாத நிலைமை வந்தால் ஸ்போராக, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் வித்தாக மாறி, கட்டில் கம்பியிலும் கமோடிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கைக்குத் தேய்க்கிற ஆல்கஹால் ஜெல் இந்த ஸ்போரை ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி, தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின். பெரும்பாலும் வயதானவர்களைத்தான் தாக்கும், அதுவும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை இழந்தவர்களை. டாக்ஸின் ஏ, டாக்ஸின் பி என்று இரண்டு நச்சுகள், சில வகைகளில் கூடவே பைனரி டாக்ஸின் என்று மூன்றாவது ஒன்று. லேசான வயிற்றுப்போக்கில் தொடங்கிப் பெருங்குடல் வீங்கி உயிர் போகும் வரை கொண்டுபோகும் சக்தி இதற்கு உண்டு.

சரி, சேவைக்கு வருகிறேன்.

அனுப்பும் முறை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், மல மாதிரியையே அனுப்பலாம், நாம் கல்ச்சர் போட்டு, அதாவது தட்டில் கிருமியை வளர்த்துத் தரவேண்டியதில்லை என்பது. இது பெரிய விஷயம். இப்போது பெரும்பாலான மருத்துவமனை லேப்களில் சி. டிஃப் கல்ச்சர் போடுவதே இல்லை. ஜி.டி.எச். என்ற புரதத்துக்கு ஒரு சோதனை, டாக்ஸினுக்கு ஒரு சோதனை, இடையில் தேவைப்பட்டால் மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர்., அதோடு ரிப்போர்ட் போய்விடும். காற்றில்லாப் பெட்டியும், அதற்கான தட்டுகளும், அதில் கை பழகிய ஆளும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பாசிட்டிவ் வந்த மாதிரியை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தால் போதும், ஸ்போர் எங்கும் போய்விடாது. பேக்கிங் மட்டும், நோய் மாதிரிகளை அனுப்புவதற்கான யு.என். 3373 விதிப்படி மூன்று அடுக்கு: கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் தாளோடு கசியாத உறை, வெளியே உறுதியான பெட்டி.

எல்லா மாதிரியையும் அள்ளி அனுப்ப முடியாது. ஏன் அனுப்புகிறோம் என்று காரணம் சொல்லவேண்டும்: ஒரு வார்டில் வழக்கத்துக்கு மேல் கேஸ், நோயின் கடுமை அல்லது இறப்பு கூடியிருப்பது, ஒருவருக்கே திரும்பத் திரும்ப வருவது, இப்படி. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இது தொல்லையாகத் தெரியும். எனக்கு இதுவே இந்தச் சேவையின் அறிவான பகுதி. காரணத்தை எழுத வேண்டியிருப்பதால், அனுப்புவதற்கு முன்பே தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸும் லேபும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். எந்தக் கேஸ் எந்தக் கேஸோடு சேரும், யார் எந்தக் கட்டிலில் எப்போது இருந்தார் என்று அட்டவணை அப்போதே தயாராகிவிடும். அந்த அட்டவணை இல்லாமல் எண் மட்டும் வந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அங்கே போனதும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பார்த்திராதவர்கள்தான் அதிகம். மலத்தோடு சம அளவு ஆல்கஹால் கலந்து வைப்பார்கள். மற்ற பாக்டீரியாவெல்லாம் செத்துவிடும், ஸ்போர் மட்டும் தாங்கும். அதை எடுத்து, சைக்ளோசெரினும் செஃபாக்ஸிட்டினும் மாதிரி வேறு கிருமிகளை அடக்கும் மருந்துகள் சேர்த்த அகார் தட்டில் இழுத்து, காற்றில்லாப் பெட்டிக்குள் 37 டிகிரியில் இரண்டு நாள் விடுவார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது முதல்முறை அந்தத் தட்டைத் திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. மூடியை எடுத்த உடனே குதிரை லாயத்து வாடை. பி-கிரெசால் என்ற பொருளை இந்தப் பாக்டீரியா உண்டாக்குவதால் வரும் வாடை அது, ஒரு தடவை முகர்ந்தால் வாழ்நாளுக்கும் மறக்காது. சாம்பல் கலந்த வெள்ளையில், ஓரம் ஒழுங்கில்லாத, மேற்பரப்பு மங்கல் கண்ணாடி மாதிரி இருக்கும் காலனிகள். விளக்கை அணைத்துவிட்டு நீள அலை புற ஊதா விளக்கைப் பிடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஒரு கிருமியை மூக்காலும் கண்ணாலும் இத்தனை உறுதியாக அடையாளம் காண முடிவது அபூர்வம். பழைய தலைமுறை லேப்காரர்கள் கல்ச்சரை விட மனமில்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

காலனி கிடைத்த பிறகுதான் ரைபோடைப்பிங். பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை, பல நகல்களாகச் சிதறிக் கிடக்கும். ஜூரிச்சில் 1982இல் பிரிக்கப்பட்டு, உலகமெங்கும் ஆய்வுக்குப் பயன்படும் 630 என்ற சி. டிஃப் ஸ்ட்ரெயினில் இப்படி 11 நகல்கள். ஒவ்வொரு நகலிலும் 16எஸ், 23எஸ் என்ற இரண்டு ரைபோசோம் ஜீன்களுக்கு நடுவே ஒரு இடைவெளித் துண்டு உண்டு. அதன் நீளம் நகலுக்கு நகல் மாறும். ஒரே ஜோடி பிரைமரால் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பி.சி.ஆர். செய்தால் எல்லா நகல்களின் இடைவெளித் துண்டுகளும் ஒன்றாகப் பெருகி வரும். அவற்றை நீளவாரியாகப் பிரித்தால் கிடைக்கும் கோலம்தான் ரைபோடைப். முன்பு ஜெல்லில் கோடு கோடாகப் பார்த்தார்கள். இப்போது, துண்டுகளை மெல்லிய குழாய்க்குள் மின்சாரத்தால் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரிசிஸ் இயந்திரத்தில், திரையில் முனை முனையாக வருகிறது. ஜெல்லில் ஒரு கோடு சற்றே மங்கியிருந்தால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். இயந்திரம் நீளத்தை எண்ணாகவே தருவதால் அந்தச் சண்டை பெருமளவு தீர்ந்தது. 2015இல் ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே செய்முறைக்கு ஒப்புக்கொண்டதும், ஒரு நாட்டு முடிவை இன்னொரு நாட்டு முடிவோடு ஒப்பிடுவது எளிதானது.

எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸில் கார்டிஃப் நகரத்து காற்றில்லாக் கிருமிகளுக்கான மேற்கோள் ஆய்வகம் 1990களில் இந்த முறையைச் செப்பனிட்டு, 1999இல் 116 வகைகளுடன் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 001, 002 என்று போகும் எண்கள் அந்தத் தொகுப்பில் தொடங்கியவை. எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமை, சிறிதாக இருந்தால் லேசு என்றெல்லாம் இல்லை. எந்த வரிசையில் அடையாளம் கண்டார்களோ அந்த வரிசை. நோயாளியின் மகன் ஒருவர் ரிப்போர்ட்டில் 078 என்று பார்த்துவிட்டு, நூற்றுக்கு எழுபத்தெட்டு அளவு தொற்று என்று பயந்துபோய் வந்தார். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இப்போது என் முக்கியமான தீர்ப்பு. இந்தச் சேவையின் உண்மையான பலம், "இல்லை" என்று சொல்வதில் இருக்கிறது. இரண்டு நோயாளிகளின் ரைபோடைப் வேறு வேறு என்று வந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது போகவில்லை என்று அப்போதே முடிவுகட்டலாம். ஒரே எண் வந்தால்? அப்போதுதான் விசாரணையே தொடங்குகிறது. அண்ணன் தம்பி என்றால் குலதெய்வம் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் குலதெய்வம் ஒன்று என்பதாலேயே இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடமாட்டார்கள். ரைபோடைப்பும் அப்படித்தான்.

எங்கள் மருத்துவமனையின் முதியோர் வார்டில் குறுகிய காலத்துக்குள் மூன்று கேஸ் வந்தது. விதிப்படி அதைத் தொற்றுப் பரவல் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். குளோரின் போட்டு வார்டு முழுவதும் கழுவல், கூட்டத்துக்கு மேல் கூட்டம், சுத்தம் செய்யும் ஊழியர்களிடம் விசாரணை. அந்த வார்டில் யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். மாதிரியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது கண் கலங்கிப்போய், "அக்கா, நாங்கள் எல்லாம் ஒழுங்காத்தானே செய்தனாங்கள், பிறகு எப்பிடி?" என்றாள். என்னிடம் அப்போது பதில் இல்லை. முடிவு வந்தது: 002, 015, 078. மூன்று பேர், மூன்று வகை. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கவே இல்லை. மூவரும் தனித்தனியாக, வெவ்வேறு இடத்திலிருந்து கிருமியைக் கொண்டுவந்தவர்கள்.

அப்படியானால் மூவருக்கும் ஏன் ஒரே சமயத்தில் நோய் வந்தது? தொற்றுக் கட்டுப்பாட்டு டாக்டர் மருந்துச் சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். மூவருக்கும் நெஞ்சுச் சளிக்குப் பரந்த வீச்சு ஆன்டிபயாடிக், தேவைக்கும் அதிக நாள். கேள்வி துடைப்பத்திலிருந்து மருந்துச் சீட்டுக்கு நகர்ந்தது. ஆன்டிபயாடிக் மருந்தாளுநர் அந்த வார்டின் ரவுண்டில் சேர்ந்துகொண்டார். நான் அந்த நர்ஸைத் தேடிப்போய் ரிப்போர்ட்டைக் காட்டினேன். மூன்று எண்களையும் இரண்டு தடவை படித்தாள். ஒரு லேப் ரிப்போர்ட் ஒரு மனுஷியின் தோளிலிருந்து இத்தனை பாரத்தை இறக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வேறு ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இரண்டு பேருக்கு ஒரே ரைபோடைப் வந்தது. உடனே மேலிடம் "நிரூபணம் ஆகிவிட்டது" என்று வார்டு பொறுப்பாளர் மேல் பாய்ந்துவிட்டது. வந்த எண் 014/020 குழு, ஐரோப்பாவில் எங்கே கை வைத்தாலும் கிடைக்கும் சாதாரண வகை. அதிலும் 014, 020 இரண்டின் கோலமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பல இடங்களில் சேர்த்தே எழுதுகிறார்கள். இவ்வளவு பரவலான வகை இரண்டு பேருக்கு ஒன்றாக அமைவது தற்செயலாகவும் நடக்கும். எம்.எல்.வி.ஏ. என்ற இன்னும் நுணுக்கமான சோதனையைச் செய்து பார்த்தபோது இரண்டும் தூரத்து உறவு என்று வந்தது. அதற்குள் அந்தப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். ரைபோடைப் எண்ணை மட்டும் வைத்து ஒருவர் மேல் பழி போடுவது அநியாயம். அப்படிச் செய்ய எந்த லேபும் துணை போகக் கூடாது.

எம்.எல்.வி.ஏ. என்றேன், அதையும் சொல்லவேண்டும். ஒரே எண் வந்து, பரவல் என்று வலுவான சந்தேகம் இருந்தால் இந்த அடுத்த கட்டச் சோதனையைக் கேட்டு வாங்கலாம். மரபணுத் தொகுப்பில் சின்னச் சின்னத் துண்டுகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஏழை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணுவது. இரண்டு மாதிரிகளுக்கு இடையே வித்தியாசங்களின் கூட்டுத்தொகை 2 வரை இருந்தால் மிக நெருங்கிய உறவு, 10 வரை ஏதோ உறவு, அதற்கு மேல் என்றால் சம்பந்தம் இல்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இதுவும் சேர்ந்துதான் இந்தச் சேவை எனக்கு முழுமையாகிறது. ஒரு தடவை மருத்துவமனையின் இரண்டு கோடியில் இருக்கும் இரண்டு வார்டுகளில் ஆளுக்கு ஒரு கேஸ். யாரும் சேர்த்து யோசிக்கவே இல்லை. இரண்டுக்கும் ஒரே ரைபோடைப், அதுவும் எங்கள் பட்டியலில் அடிக்கடி வராத எண். எம்.எல்.வி.ஏ.விலும் அச்சு அசலாக ஒன்று. தேடிப்போனால், இரண்டு பேரையும் எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனது ஒரே சக்கர நாற்காலி. இருக்கையின் ரெக்சின் ஓரம் கிழிந்து, உள்ளே மஞ்சள் நுரை தெரிந்தது. மேலே எத்தனை குளோரின் போட்டுத் துடைத்தாலும் நுரைக்குள் போனதைத் துடைக்க முடியுமா? நாற்காலிதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சத்தியம் செய்யமாட்டேன். அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டார்கள், கிழிந்த இருக்கைகள் எல்லாவற்றுக்கும் கணக்கெடுப்பு நடந்தது. எண்கள் ஒன்றாக வந்திராவிட்டால் அந்த நாற்காலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

குறை என்று பார்த்தால், முறைக்கே உரிய மெதுவைத்தான் முதலில் சொல்வேன். கிருமி வளர இரண்டு நாள், சுத்தமான காலனி எடுக்க மறுபடி வளர்ப்பு, பிறகுதான் பி.சி.ஆர்., பிறகு ஒப்பீடு. முடிவு வரும்போது நோயாளி மருந்தை முடிக்கும் கட்டத்தில் இருப்பார். அதனால் குடும்பத்தினருக்கு ஒன்று தெளிவாகச் சொல்கிறேன்: ரைபோடைப் எண்ணுக்காக சிகிச்சை காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. இங்கே முதல் மருந்து வாய்வழி வான்கோமைசின், அடுத்தது ஃபிடாக்ஸோமைசின். எண் என்னவாக இருந்தாலும் அதுதான் தொடங்கும் இடம். ரைபோடைப் ஒரு தனி நோயாளிக்கான சோதனை இல்லை, வார்டுக்கும் நாட்டுக்குமான சோதனை.

அவசரமாக ஏதாவது தெரியவேண்டும் என்பவர்களுக்கு சந்தையில் கார்ட்ரிட்ஜ் பி.சி.ஆர். இருக்கிறது. செஃபைட் நிறுவனத்தின் எக்ஸ்பெர்ட் சோதனை ஒரு மணி நேரத்துக்குள் டாக்ஸின் பி ஜீன், பைனரி டாக்ஸின் ஜீன், டிசிடிசி என்ற ஜீனில் 117ஆம் இடத்தில் ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருப்பது, இந்த மூன்றையும் பார்த்து "027 ஆக இருக்கலாம்" என்று சொல்லும். பெரிய பரவலுக்குக் காரணமான வகை இந்த 027, அதன் கதை பின்னால் வரும். வேகத்துக்கு முழு மதிப்பெண். அந்த "இருக்கலாம்" என்பதை மட்டும் அழுத்திப் படியுங்கள். 176 என்ற வகைக்கும் இதே மூன்று அடையாளங்களும் உண்டு. செக் குடியரசில் இந்த 176 பரவலாக இருந்தது, அங்கே கார்ட்ரிட்ஜ் மட்டும் இருந்திருந்தால் எல்லாமே 027 என்று கணக்கில் ஏறியிருக்கும். மற்ற வகைகளை இது பிரித்துச் சொல்லாது. முன்னெச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், டைப்பிங்குக்குப் பதிலாக அல்ல.

இலவசமாகக் கிடைக்கும் இணையக் கருவிகள் இரண்டு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் இயங்கும் பப்எம்.எல்.எஸ்.டி., ஏழு ஜீன்களின் வரிசையை வைத்து எஸ்.டி., அதாவது வரிசை வகை எண் தரும். 027 அங்கே எஸ்.டி. 1, 017 எஸ்.டி. 37. ஆனால் 078ஐயும் 126ஐயும் எஸ்.டி. 11 என்று ஒரே கூடைக்குள் போட்டுவிடும். வார்டு விசாரணைக்கு அது போதாது, பரிணாமத்தைப் படிக்கிறவர்களுக்கு அருமை. மற்றது வாரிக் பல்கலைக்கழகத்தில் உருவான என்டரோபேஸ். முழு மரபணு வரிசையை ஏற்றினால், ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒப்பிட்டு, உலகத்தில் எந்த மாதிரியோடு நெருக்கம் என்று காட்டும். கையில் வரிசைப்படுத்தும் இயந்திரமும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் இதைப்போல் வேறு எதுவும் இல்லை. இல்லாத லேபுக்கு எட்டாக்கனி.

முழு மரபணு வரிசை வந்த பிறகு ரைபோடைப்பிங் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 2007 செப்டம்பர் முதல் 2011 மார்ச் வரை வந்த கேஸ்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் முழு வரிசையை எடுத்து 2013இல் வெளியான ஆய்வு, எங்கள் துறையில் பலருடைய நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. ஒப்பிட்டுப் பார்த்த 957 கேஸ்களில், முந்தைய ஒரு கேஸோடு இரண்டு எழுத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதவை 35 சதவீதம்தான். முந்தைய எந்தக் கேஸோடும் ஒட்டாமல், பத்து எழுத்துக்கு மேல் விலகி நின்றவை 45 சதவீதம். அதாவது, பக்கத்துக் கட்டில் நோயாளியிடமிருந்து பரவியது என்று நாங்கள் காலம் காலமாகச் சொல்லிவந்தது பாதிக் கேஸ்களுக்குக்கூடப் பொருந்தவில்லை. எங்கள் முதியோர் வார்டில் நடந்தது விதிவிலக்கு இல்லை, சாதாரணமாக நடப்பதுதான் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த அளவு நுணுக்கத்தை ரைபோடைப்பிங் தராது. ஆனால் "வேறு வேறு" என்ற பதிலைக் குறைந்த செலவில், எந்த மாவட்ட மருத்துவமனைக்கும், நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் தருகிறது. வரிசைப்படுத்தல் எல்லா ஊருக்கும் வரும்வரை நான் இதை விடமாட்டேன்.

இந்தச் சேவை ஏன் வந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2003 அக்டோபரிலிருந்து 2005 ஜூன் வரை இரண்டு அலையாக 334 பேருக்கு சி. டிஃப் வந்தது. குறைந்தது 33 பேரின் சாவுக்கு அது உறுதியாகவோ பெரும்பாலுமோ காரணம் என்று 2006 ஜூலையில் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொன்னது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தச் சொன்ன தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் பேச்சை விட, காத்திருப்பு நேர இலக்குகளுக்கே நிர்வாகம் முன்னுரிமை கொடுத்தது என்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கிருமி 027. அதே சமயத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தையும் அதே வகைதான் அலைக்கழித்துக்கொண்டிருந்தது. அங்கே அதை வேறு முறையில் வகைப்படுத்தி நாப்1 என்று அழைத்தார்கள். இரண்டும் ஒன்று என்று தெரிந்ததே டைப்பிங்கால்தான். அந்த அறிக்கைக்கு அடுத்த ஆண்டே நாடளாவிய வலையமைப்பு வந்தது. 2007-08இல் அனுப்பப்பட்ட மாதிரிகளில் 55 சதவீதம் 027. 2009-10இல் 21 சதவீதம். இங்கிலாந்து முழுவதும் 2007-08இல் 55 ஆயிரத்தைத் தாண்டிய கேஸ்கள் 2012-13இல் 15 ஆயிரத்துக்குக் கீழே வந்தன.

இந்த இறக்கம் எதனால்? கை கழுவியதாலா, வார்டு சுத்தமானதாலா? 2017இல் ஆக்ஸ்ஃபோர்ட், லீட்ஸ் ஆய்வாளர்கள் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளுக்கு எதிர்ப்பு உள்ள வகைகள்தான் குறைந்து மறைந்தன. எதிர்ப்பு இல்லாத வகைகளால் வந்த கேஸ்கள் அப்படியே இருந்தன. சுத்தம் மட்டுமே காரணம் என்றால் எல்லா வகையும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்போருக்கு எந்த மருந்துக்கு எதிர்ப்பு இருந்தால் என்ன, குளோரினில் எல்லாம் ஒன்றுதானே. அந்தக் குடும்பத்து மருந்துகளைக் கட்டுப்பாடாக எழுதத் தொடங்கியதுதான் முக்கியக் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். வகை பிரித்துப் பார்க்காமல் மொத்தக் கேஸ்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது. சிப்ரோஃப்ளாக்சசினை மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இங்கே வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கோரிக்கையில் "வயிற்றுப்போக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தக் கேஸோடு தொடர்பு என்று சந்தேகிக்கிறீர்களோ அந்தக் கேஸின் லேப் எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள், ஒரே தொகுப்பாக ஒப்பிட வசதி. ஒருவருக்கே திரும்ப வந்திருந்தால் முதல் தடவையின் மாதிரியும் இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைப் பாருங்கள். இரண்டும் ஒரே வகையா, வேறா என்பது பழைய தொற்று மீண்டதா, புதிதாக ஒட்டியதா என்று யோசிக்க உதவும். ரிப்போர்ட் வந்ததும் அதை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். வார்டுக்குப் போன் செய்து, அந்த எண்ணுக்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன அநியாயம் நடந்த இடத்தில் அந்தப் போனை யாரும் செய்யவில்லை.

இப்படி ஒரு சேவை இல்லாத இடத்தில் இருப்பவர்கள், கல்ச்சர் போட வசதி இருந்தால், பாசிட்டிவ் காலனிகளைக் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குப்பி மேல் தேதியும் வார்டும் அழியாத மையில் எழுதுங்கள். கல்ச்சர் இல்லையென்றால் மல மாதிரியையே உறைய வையுங்கள், ஸ்போர் தாங்கும். டைப்பிங் என்றைக்குக் கைக்கு எட்டினாலும் அந்தக் குப்பிகளை அன்றைக்குத் திறக்கலாம்.